‘அவர்’ இருக்க ‘அவன்’, ‘அவள்’ எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தமிழில் மெய்ப்பு பார்ப்பதும், கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரும் செய்திகளைத் தமிழாக்குவதும் எங்கள் தொழில். உங்கள் நாளிதழின் பெங்களூருப் பக்கங்களில் ஆட்களைக் குறிக்கும் சொற்களுக்கு ஒரு நிலையான முறை இல்லை. பள்ளிச் செய்தியின் முதல் வரியில் ‘ஆசிரியர்’ என்று வருபவர் மூன்றாம் வரியில் ‘ஆசிரியை’ ஆகிறார். ஒரே திருட்டு வழக்கில் நகையைப் பறிகொடுத்தவர் ‘அவர்’. சந்தேகத்தில் பிடிபட்ட வீட்டுப் பணியாளர் ‘அவள்’. மற்ற தமிழ் நாளிதழ்களிலும் இதே குழப்பம்தான். எளிதில் தீரக்கூடிய குழப்பம் என்பதால் விரிவாகவே எழுதுகிறோம்.

மொழியின் மேல் பழி போட இடமில்லை. நான், நீ, நாம், நீங்கள் ஆகிய சொற்களில் பால் தெரிவதே இல்லை. படர்க்கையில்தான் அன், அள் என்ற ஈறுகள் ஆணையும் பெண்ணையும் பிரிக்கின்றன. அங்கேயும் அர், ஆர் என்ற வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. ‘ஒருவர்’ என்ற சொல் இரு பாலுக்கும் உரியது என்கிறது தொல்காப்பியத்தின் பெயரியல். அது பன்மை வினை கொள்ளும் என்கிறது நன்னூல். ‘அடையாளம் தெரியாத ஒருவர் வந்தார்’ என்று இன்று நாம் எழுதுவது அதே இலக்கணம். பால் சுட்டாமல் எழுதுவதை மேல்நாட்டு இறக்குமதி என்று சிலர் சொல்வதில் ஒரு துளியும் உண்மை இல்லை.

2007இல் பிரதிபா பாட்டீல் நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவரானபோது, குடியரசுத் தலைவரைக் குறிக்கும் ‘ராஷ்டிரபதி’ என்ற இந்திச் சொல்லை (‘பதி’ என்றால் கணவன் என்றும் பொருள்) ஒரு பெண்ணுக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று வடக்கே விவாதம் நடந்தது. 2022இல் திரௌபதி முர்மு அப்பதவிக்கு வந்த பிறகு, அச்சொல்லைத் திரித்துச் சொன்ன ஒரு பேச்சால் நாடாளுமன்றத்தில் பெரும் அமளி எழுந்தது. தமிழில் ‘குடியரசுத் தலைவர்’ என்ற சொல்லில் ஓர் எழுத்தைக் கூட யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. கிரிக்கெட்டிலும் அப்படியே. ‘பேட்ஸ்மேன்’ என்பதை, கிரிக்கெட் விதிகளை வகுக்கும் லண்டன் சங்கமான எம்.சி.சி. தன் விதிகளில் ‘பேட்டர்’ என்று மாற்றியது 2021 செப்டம்பரில். நம்முடைய ‘பந்துவீச்சாளர்’ தொடக்கத்திலிருந்தே யாருக்கும் பொருந்தும் சொல். ‘மட்டையாளர்’ என்பதும் அப்படித்தான். ஆனால் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இன்னமும் ‘பேட்ஸ்மேன்’ ஆடிக்கொண்டிருக்கிறார், மகளிர் ஆட்டத்திலும் கூட.

சிக்கல் எங்கே என்றால், அர் ஈற்றுச் சொற்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. மருத்துவர், ஓட்டுநர், நடத்துநர், வழக்கறிஞர், எழுத்தாளர், வாக்காளர், செவிலியர், பொறியாளர் ஆகியவற்றுக்கு எதிரே ‘இது பெண்ணுக்கு மட்டும்’ என்று ஒரு சொல் கிடையாது. அதனால் அவை பொதுவாகவே நிற்கின்றன. ஆனால் மாணவர், நடிகர், பாடகர், இளைஞர், முதியவர் ஆகியவற்றுக்கு எதிரே மாணவி, நடிகை, பாடகி, இளம்பெண், மூதாட்டி இருக்கின்றன. ஜோடி ஒன்று வந்தவுடன், பொதுவாக இருந்த அர் ஈற்றுச் சொல் சுருங்கி ஆணுக்கு மட்டும் ஆகிவிடுகிறது. ‘மாணவர் விடுதி’ என்றால் பையன்கள் விடுதி என்றே வாசகர் புரிந்துகொள்கிறார். ‘40 மாணவர்களுக்கு வாந்தி, மயக்கம்’ என்று தலைப்பு இருந்தால், பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோர் அது தங்களுக்கில்லை என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

இதற்காக ஒவ்வோர் இடத்திலும் ‘மாணவ, மாணவிகள்’ என்று இரட்டையாக எழுதுவது நோயை வளர்க்கும் மருந்து. எத்தனை முறை இரட்டையாக எழுதுகிறோமோ, அத்தனை முறை ‘மாணவர்’ என்பது ஆண் என்று உறுதிப்படுத்துகிறோம். ஒற்றைப் பத்தித் தலைப்பில் இடமும் வீண். எங்கள் யோசனை இது: பொதுவாகச் சொல்லும்போது ‘மாணவர்கள்’ என்றே எழுதுங்கள், பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை இருந்தால் எண்ணிக்கையோடு சொல்லுங்கள். ‘மாணவர்கள் 40 பேர் பாதிக்கப்பட்டனர், இவர்களில் 22 பேர் பெண்கள்’ என்ற வாக்கியத்தில் எந்த ஐயமும் எழாது. விடுதியைக் குறிக்கும்போது ‘ஆண்கள் விடுதி’, ‘பெண்கள் விடுதி’ என்று எழுதிவிட்டால் ‘மாணவர்’ தன் பழைய அகலத்துக்குத் திரும்பிவிடும். ‘ஆசிரியை’ என்பதை அடியோடு விடலாம். அதை நீக்கினால் இழப்பு ஒன்றும் இல்லை.

‘நடிகை’ உடனே போகாது. திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகர், சிறந்த நடிகை என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கும்வரை விருதின் பெயரை அப்படியேதான் எழுத வேண்டும். பெர்லின் திரைப்பட விழா 2021 முதல் நடிப்புக்கான விருதில் ஆண், பெண் பிரிவை எடுத்துவிட்டது; அங்கே பரிசு பெற்றவரை ‘சிறந்த நடிகை’ என்று எழுதினால் செய்தியே தவறு. தென்னிந்திய நடிகர் சங்கத்தில் பெண்களும் உறுப்பினர்கள்தானே? அந்தப் பெயரில் ‘நடிகர்’ எல்லோரையும் குறிக்கிறது. பெயர்ப்பலகையில் செல்லும் பொருள் செய்தியிலும் செல்லும்.

இகரத்தில் முடியும் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பயணி, விவசாயி, தொழிலாளி, நோயாளி, வியாபாரி, கைதி, அகதி, நீதிபதி ஆகியவை தலைவி, பாடகி போல ஒலித்தாலும் பெண்பால் அல்ல, எவருக்கும் பொது. இவற்றில் பால் தெரிவது வினையில்தான்: தொழிலாளி இறந்தான், இறந்தாள், இறந்தார். ‘இறந்தார்’ என்று முடித்தால் போதும். ஆனால் ‘விவசாயி’ என்றதும் ஆண் என்ற எண்ணம் எல்லோர் மனதிலும் ஊறியிருக்கிறது. ‘வயலில் வேலை செய்துகொண்டிருந்த விவசாயியும் அவரது மனைவியும் மின்னல் தாக்கி இறந்தனர்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். இருவரும் வயலில் இறங்கி வேலை செய்தவர்கள். ஒருவருக்குத் தொழில் கிடைத்தது, மற்றவருக்கு உறவுமுறை மட்டும் கிடைத்தது. ‘விவசாயத் தம்பதி’ என்றாலே சரியாகிவிடும்.

விபத்து, குற்றச் செய்திகளில் இன்னொரு வார்ப்பு உண்டு. ‘இன்ன பகுதியைச் சேர்ந்தவர் இன்னார், கூலித் தொழிலாளி. இவரது மனைவி இன்னார் (38). நேற்று சாலையைக் கடக்க முயன்றபோது லாரி மோதி உயிரிழந்தார்.’ உயிரிழந்தவர் மனைவி. ஆனால் செய்தி கணவரிடம் தொடங்குகிறது, அவர் என்ன வேலை செய்கிறார் என்று சொல்கிறது; இறந்தவர் என்ன வேலை செய்தார் என்பது கடைசிவரை வருவதில்லை. பீனியாவிலும் பொம்மனஹள்ளியிலும் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இறந்தவர் அங்கே தையல் இயந்திர இயக்குநராக இருந்திருக்கலாம். செய்தி யாரைப் பற்றியதோ அவர் பெயரில் தொடங்குங்கள்: பெயர், வயது, தொழில், ஊர், அதன் பிறகு குடும்பம். ஆண் இறந்தால் இந்த வரிசையைத்தானே பின்பற்றுகிறோம்?

இனி ‘அவன்’, ‘அவள்’. கைதானவருக்கு ‘அவர்’ என்று போட்டால் குற்றம் செய்தவருக்கு மரியாதை கொடுத்ததாகிவிடும் என்பது செய்திப்பிரிவுகளில் வழக்கமாகக் கேட்கும் வாதம். ‘கொள்ளையர் மூவர் தப்பினர்’ என்று எழுதும்போது அந்த மூவருக்கும் மரியாதை கொடுத்துவிட்டோம் என்று யாராவது நினைப்பதுண்டா? மூவர் ஓடினால் ‘தப்பினர்’. ஒருவர் ஓடினால் ‘தப்பினான்’. ஆள் குறைந்ததும் மரியாதையும் குறைய வேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. அச்சில் ‘அவர்’ என்பது பாராட்டு அல்ல, படர்க்கை ஒருமையின் பொது வடிவம் மட்டுமே. மேலும் கைதானவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான். தீர்ப்பு வருமுன் ‘அவன்’ என்று எழுதுவது நாளிதழே தீர்ப்பு எழுதுவது போலாகும். ‘அவன்’ யாருக்கு விழுகிறது என்று கவனித்தால் இன்னொன்றும் தெரியும். பல கோடி மோசடியில் கைதான நிறுவன இயக்குநருக்கு ‘அவர்’, கைப்பேசி திருடியவருக்கு ‘அவன்’. குற்றத்தின் அளவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

வேலைக்காரி, பூக்காரி, குப்பைக்காரி என்பவற்றையும் இங்கேயே சேர்த்துவிடலாம். வீட்டுப் பணியாளர், பூ வியாபாரி, தூய்மைப் பணியாளர் என்ற சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. கன்னடத்தில் ‘பௌரகார்மிகர்’ (நகரப் பணியாளர்) என்று மாநகராட்சியே எழுதும்போது தமிழில் கீழே இறக்க வேண்டியதில்லை. பாலியல் தொழிலில் இருப்பவரை ‘அழகி’ என்று எழுதும் வழக்கம் இவற்றில் மிக மோசமானது. ‘விடுதியில் சோதனை: அழகிகள் மீட்பு’ என்ற தலைப்பில், மீட்கப்பட்டவரையே கேலிப்பொருளாக்குகிறோம். பாலியல் தொழிலாளர்களைக் கண்ணியத்தோடு நடத்த வேண்டும், சோதனைச் செய்திகளில் அவர்கள் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் உத்தரவிட்டது. 2023 ஆகஸ்டில் அதே நீதிமன்றம், தீர்ப்புகளில் தவிர்க்க வேண்டிய பாலின முன்முடிவுச் சொற்களுக்கு ஒரு கையேடும் வெளியிட்டது. நீதிபதிகளுக்காக எழுதப்பட்டதுதான், நீதிமன்றச் செய்தி எழுதுவோர் மேசையிலும் அது இருக்க வேண்டும்.

‘அவர்’ என்று எழுதுவதால் வரும் ஒரு நிஜமான இடைஞ்சலை மறைக்க விரும்பவில்லை. ‘கணவர் மனைவியிடம் பணம் கேட்டபோது அவர் தாக்கினார்’ என்று எழுதினால், தாக்கியது யார்? ‘அவன்’, ‘அவள்’ இருந்தால் இந்தக் கேள்வி எழாது. குற்றச் செய்தியில் இது சின்னப் பிழை அல்ல. தாக்கப்பட்டவர் தாக்கியவராக மாறிவிடுவார். தீர்வு வாக்கிய அமைப்பில் இருக்கிறது. ஒரே பத்தியில் இருவர் வந்தால், இரண்டாம் முறை பெயரையே சொல்லுங்கள். பெயர் வெளியிட முடியாத வழக்கில் ‘கணவர்’, ‘மனைவி’, ‘புகார் கொடுத்தவர்’ என்று உறவையோ நிலையையோ திரும்பச் சொல்லுங்கள். எழுவாய் ஒன்றாகவே தொடர்ந்தால் எச்சத்தில் கோக்கலாம்: ‘மனைவியிடம் பணம் கேட்டுத் தாக்கினார்’ என்றால் கேட்டவரே தாக்கியவர். எழுவாய் மாறினால் வாக்கியத்தை முறித்துவிடுங்கள். உடைமையைக் காட்டும்போது, எழுவாயையே குறிக்க வேண்டுமானால் ‘தம்’ போடுங்கள். ‘தம் தாயாரைப் பார்க்கச் சென்றார்’ என்பதில் ஐயமில்லை. ‘அவரது தாயாரை’ என்றால் வேறொருவரின் தாயாராகவும் இருக்கலாம். ஒருவருக்கு ‘வந்தார்’, பலருக்கு ‘வந்தனர்’ என்ற வேறுபாட்டையும் கறாராகக் காக்க வேண்டும். ‘இருவரும் உயிரிழந்தார்’ என்று அச்சாவது கவனக்குறைவு மட்டுமே.

‘பெண்’ என்ற முன்னொட்டுக்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அதே இடத்தில் ‘ஆண்’ என்று போட்டுப் பாருங்கள். ‘ஆண் மருத்துவர் அறுவை சிகிச்சை செய்தார்’ என்று எழுத மாட்டோம் என்றால் ‘பெண் மருத்துவர்’ என்பதும் வேண்டாம். ‘பெண் ஓட்டிய கார் மோதி ஒருவர் காயம்’ என்ற தலைப்பும் இதில் விழுந்துவிடும். ‘ஆண் செவிலியர்’ என்பதற்கும் இதே விதி. ஒரு பதவிக்கு வந்த முதல் பெண் என்றால் அதுதான் செய்தி, சொல்லியே ஆக வேண்டும். திருமதி, செல்வி என்ற அடைகளும் அப்படியே: ஆணுக்கு அடை இல்லாத பத்தியில் பெண்ணுக்கும் வேண்டாம். அழைப்பிதழ் மாதிரி இடங்களில் அடை கட்டாயம் என்றால் ‘திருமிகு’ எவருக்கும் பொருந்தும்.

ஆனால் பால் சொல்லாமல் விடுவது தவறாகும் இடங்களும் உண்டு. பொதுச்சொல் மேல் உள்ள ஆர்வத்தில் அவற்றைக் கோட்டைவிடக் கூடாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் கோரி மனுச் செய்பவர் பெண். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலும் புகார் கொடுப்பவர் பெண்; புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். இங்கே ‘பாதிக்கப்பட்டவர்’, ‘மூத்த அலுவலர்’ என்று மழுப்பினால் சட்டம் மாறிவிடும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் இதற்கு நேர் எதிர். 2012ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரும் குழந்தைதான். ஆண்பிள்ளையும் அதில் அடக்கம். அதைச் ‘சிறுமிகள் பாதுகாப்புச் சட்டம்’ என்று விளக்கும் செய்திகளால், பையனுக்குக் கொடுமை நேர்ந்த வீட்டில் புகார் கொடுக்கலாம் என்பதே தெரியாமல் போகிறது.

கர்நாடகத் திட்டங்களிலும் இதே கவனம் தேவை. 2023 ஜூன் 11 முதல் நடக்கும் சக்தி திட்டத்தின் இலவசப் பேருந்துப் பயணத்தில் பெண்களோடு திருநரும் சேர்த்தி. ‘பெண்களுக்கு மட்டும்’ என்று எழுதினால், உரிமையுள்ள ஒருவர் நடத்துநரோடு வாதாட நேரிடும். மாதம் 2,000 ரூபாய் தரும் கிருக லட்சுமி திட்டத்தைத் தமிழில் ‘இல்லத்தரசிகளுக்கு’ என்று எழுதுவதும் பிழை. ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவியாகப் பதிவான பெண்ணுக்கு அது கிடைக்கிறது. அவர் வெளியே வேலைக்குப் போகிறாரா என்பது அளவுகோல் அல்ல. அவரோ கணவரோ வருமான வரி கட்டுகிறார்களா என்பது பார்க்கப்படுகிறது. ‘குடும்பத் தலைவி’ என்பது இங்கே தகுதியின் பெயர், அப்படியே எழுத வேண்டும். ‘இல்லத்தரசி’ என்று படித்துவிட்டு, ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் ஒருவர் விண்ணப்பிக்காமல் இருந்துவிடக் கூடாது.

திருநரைப் பற்றி எழுதும்போது தவறு நேர்வது பெரும்பாலும் மூன்று சொற்களில். தம்மைப் பெண்ணாக உணரும் திருநங்கை, ஆணாக உணரும் திருநம்பி, இரண்டையும் உள்ளடக்கிய திருநர். சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலில் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலில் இவை உள்ளன. எல்லோரையும் ‘திருநங்கைகள்’ என்று எழுதினால் திருநம்பிகள் காணாமல் போகிறார்கள். தம் பாலினத்தைத் தாமே சொல்லும் உரிமை திருநருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்தது. ஆகவே அவர் சொல்லும் பெயரும் சொல்லும் பாலினமும்தான் செய்தி. பழைய பெயர் தேவையில்லை, ‘ஆணாகப் பிறந்து’ என்ற தொடரும் தேவையில்லை. வினை ‘ஆர்’ என்று முடிந்தால் இலக்கணத்தில் ஒரு தடையும் இல்லை.

மொழிபெயர்ப்பில் இரு திசையிலிருந்தும் தொல்லை வருகிறது. கன்னடச் செய்திக்குறிப்பில் சிக்ஷகி, லேககி, அத்யக்ஷெ, ஆஷா கார்யகர்த்தெ என்று பெண்பால் வடிவங்கள் இயல்பாக வரும். அவற்றை ஆசிரியை, தலைவி என்று பின்தொடர வேண்டியதில்லை. ஆசிரியர், எழுத்தாளர், தலைவர், ஆஷா பணியாளர் என்றால் பொருள் குறைவதில்லை. ஆங்கிலத்திலிருந்து வரும் படிவங்களில் ‘அவன்/அவள்’ என்று சாய்கோடு போட்டு எழுதுவது வெறும் நகல் வேலை. ‘விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும்’ என்றால் முடிந்தது. வேண்டும், கூடாது, முடியும், வரவில்லை போன்ற வினைகள் பால் காட்டுவதே இல்லை என்பதால் அறிவிப்புகளுக்கு அவை மிகவும் உதவும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, தன் ஆங்கில வாசகத்தில் வரும் ஆண்பால் சுட்டுப்பெயர் ஆண், பெண், திருநர் மூவரையும் குறிக்கும் என்று தானே விளக்கம் தருகிறது. அதன் பிறகும் ‘எவனொருவன்... அவன்’ என்று தமிழாக்குவது தவறு; ‘எவரொருவர்... அவர்’ என்பதே சரி. ‘குடிமகன்’ வரும் இடங்களில் ‘குடிமக்கள் ஒவ்வொருவரும்’ என்று பன்மைக்கு மாற்றுங்கள்.

கடைசியாக, பெயரை வைத்துப் பால் ஊகிப்பது. கிரண், ஜோதி, சுமன், சசி ஆகிய பெயர்கள் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. ஆங்கில நிறுவனச் செய்தியில் ஓர் அதிகாரி சொன்னதாக மட்டும் இருந்தால், பெயரைப் பார்த்து ‘பெண் அதிகாரி’ என்று சேர்க்காதீர்கள். செய்தியாளரைக் கேட்க நேரமில்லை என்றால் ‘அதிகாரி கூறினார்’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் இணையதளத்தில் தமிழ்ச் செய்தி ஆங்கிலமாகும்போது இந்தக் கேள்வி தலைகீழாகத் திரும்பும். தமிழின் ‘அவர்’ மொழிபெயர்ப்புக் கருவிகளில் பெரும்பாலும் ஆணாகிவிடுகிறது. பெண் அமைச்சரையும் பெண் நீதிபதியையும் ஆங்கிலத்தில் ஆணாக்கி வெளியிடாமல் இருக்க, ஏற்றுவதற்கு முன் சுட்டுப்பெயர்களை மட்டுமாவது ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். உங்கள் செய்திப்பிரிவு விரும்பினால், இங்கே குறிப்பிட்ட சொற்களையும் விட்டுப்போனவற்றையும் சேர்த்து ஒரு சொற்பட்டியல் தயாரித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துவோர், மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்
அல்சூர், பெங்களூரு